கோலமாவில் நாலு தடம்

வண்டிக் கதவைத் திறந்ததும் பவானிக்குக் குமட்டியது. உள்ளே மல்லிகை மணம். பூவின் மணம் இல்லை, குப்பியில் அடைத்து விற்கிற மல்லிகை. அதையும் மீறிக்கொண்டு புதுப் பெயிண்டின் நெடி மூக்கில் ஏறியது.

வண்டியைச் சுற்றி, முந்தின நாள் சாயங்காலம் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. குங்குமம் ஊறிச் சதையெல்லாம் சிவந்துபோய், விதைகளின் மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அள்ளிப் போட யாருக்கும் தோன்றவில்லை. நாலு சக்கரத்தடியிலும் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் தரையோடு ஒட்டியிருந்தன.

"ஏறிப் பாரு பவானி. ஷோரூம்ல இருந்து எறங்குன மாதிரி இருக்குது" என்றார் ஓனர் தமிழ்மணி. சிதம்பரத்தில் சேத்தியாத்தோப்பு ரோட்டின் மேல் அவருக்கு டிராவல்ஸ் ஷெட். மூன்று வாடகைக் கார்கள். நெற்றி நிறைய விபூதியோடு, ஒரு கையில் பொங்கல் பொட்டலத்தை ஏந்தி, மறு கையால் அள்ளித் தின்றுகொண்டே பேசினார். "இருந்த திருஷ்டி எல்லாம் அந்த இடியோட போச்சு. இனி இந்த வண்டிய யாரும் அசைக்க முடியாது."

அந்த இடி போன வியாழக்கிழமை நடந்தது. பவானிக்கு அன்று லீவு. ஓனரே வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு வளைகாப்புக்குப் போனார். சேத்தியாத்தோப்புக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டரை முந்தப் பார்த்து, இடம் போதாமல் ஒடித்ததில், இடது பின்சக்கரம் போய்ப் பாலத்துக் கட்டையில் மோதியது. சின்ன இடிதான் என்று அன்றைக்கே போனில் மூன்று தடவை சொன்னார். கேட்காமலே ஒருவர் மூன்று தடவை சொன்னால் அது சின்ன இடியாக இருக்காது என்று பவானி அப்போதே நினைத்தாள்.

பவானிக்கு முப்பத்தொரு வயது. சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனவர்கள். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். பி.எஸ்சி. இயற்பியல். தாசில்தார் ஆபீசுக்கு ஏழு தடவை நடந்து வாங்கிய முதல் பட்டதாரி சான்றிதழை லேமினேஷன் போட்டு இன்னும் வைத்திருக்கிறாள். அந்தப் படிப்புக்கு இந்தப் பக்கத்தில் கிடைத்த வேலைகளெல்லாம் ஜெராக்ஸ் கடையிலும் ஜவுளிக்கடையிலும் நிற்கிற வேலைகள். பெண்களுக்கு இலவச ஓட்டுநர் பயிற்சி என்று பேப்பரில் பார்த்துப் போய்ச் சேர்ந்தாள். ஐந்து வருஷமாக மஞ்சள் போர்டு வண்டி. இதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அவள் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்கள் தூங்கிவிடுவார்கள். அதுதான் அவளுக்குக் கர்வம்.

அந்தத் திங்கட்கிழமையும் வழக்கம்போல நாலு பேரை ஏற்றிக்கொண்டாள். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண்கள். தினமும் காலையில் சிதம்பரத்திலிருந்து கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் அழைத்து வரவேண்டும். மூத்தவள் இலக்கியா முன்சீட்டில் உட்கார்ந்து கதவை விரலால் தடவினாள்.

"அக்கா, வண்டி புதுசாட்டம் இருக்கு. இடிச்சாதான் பெயிண்ட் அடிப்பாருன்னா, அப்பப்ப இடிக்கச் சொல்லுங்க."

பின்சீட்டில் சிரித்தார்கள். பவானிக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போனது. கையைத் தளர்த்தினால் வலப்பக்கம், ரோட்டு நடுக்கட்டையைப் பார்த்துப் போனது. நாற்பதில் இது பெரிதாகத் தெரியவில்லை. எழுபதைத் தொட்டபோது பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு லேசாக நெளிகிற மாதிரி இருந்தது. காலை எடுத்துவிட்டாள். அதற்குமேல் மிதிக்கவே இல்லை.

அவர்களை இறக்கிவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு புளியமர நிழலில் வண்டியை நிறுத்திப் பார்க்கத் தொடங்கினாள். வெளியே எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. வழியில் ஒரு கடையில் பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்று வாங்கியிருந்தாள். அதைக் கைக்குட்டையில் சுற்றி, பெயிண்டில் கோடு விழாமல் பின்பக்கத் தகட்டின் மேல் வைத்தபடி வந்தாள். வலப்பக்கம் எங்கே வைத்தாலும் கப்பென்று பிடித்தது. இடப்பக்கம் சக்கரத்துக்கு மேலே வைத்ததும் நழுவி விழுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அங்கேயும் விழுந்தது. ஒரு சாண் அகலத்துக்குத் தகட்டின் மேல், பள்ளத்தை நிரப்புகிற பட்டிப் பசையை அப்பியிருந்தார்கள். அடியில் இரும்பு எப்படிக் கசங்கிக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

டிக்கியைத் திறந்து பாயைத் தூக்கினாள். ஸ்டெப்னி டயரை எடுத்துக் கீழே வைத்தாள். டயர் கிடக்கும் குழியில் இடது ஓரம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட். ஏழு வருஷத்து வண்டியில் அந்த ஓரம் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தது. விரலால் அழுத்தினால் பிசுபிசுப்பு. தகடு மடங்கிய இடத்தில் பட்டியை வழித்துவிட்டு, அது காயக்கூடப் பொறுக்காமல் மேலே அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் ஒட்டிய விரலைத் தரையில் தேய்த்தாள். போகவில்லை. மறுபடியும் தேய்த்தாள்.

இந்த வேலையைச் செய்த டிங்கர் அப்துல் முத்தலிப்பின் ஷெட் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அவர் ஒரு கதவுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், அந்த வெள்ளை வண்டி விஷயமா வந்தேன்."

"எந்த வெள்ளை? ஊருல ஓடுறதெல்லாம் வெள்ளைதான்."

"பட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அது."

கை நின்றது. "யாரு சொன்னது?"

காந்தத்தை அவருடைய டூல்ஸ் பெட்டியின் மேல் ஒட்டினாள். முத்தலிப் அதைப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார். "படிச்ச புள்ளகிட்ட மாட்டிக்கிட்டேன் போல."

"பட்டிய வுடுங்க பாய். பின்னாடி என்ன ஆச்சு? அத சொல்லுங்க."

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். "பின் ஆக்சில் வளைஞ்சிருந்திச்சி. மாத்தணும்னு நான்தாம்மா சொன்னேன். சாமான் வர அஞ்சு நாள் ஆவும்னாங்க. ஆருத்ரா தரிசனக் கூட்டம், எல்லா வண்டியும் புக் ஆயிருக்கு, ஒருநாள் கூட சும்மா கெடக்கக்கூடாதுன்னுட்டாரு உங்க ஓனரு. நிமித்திக் குடு பாய்ன்னாரு. காஸ் வச்சு பழுக்கக் காச்சி, அடிச்சு நிமித்திக் குடுத்துட்டேன்."

"காச்சி அடிச்ச இரும்பு தாங்குமா?"

"தாங்குற வரைக்கும் தாங்கும்."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"தெரு முனை வரைக்கும்." திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "டீ சொல்லட்டுமாம்மா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அந்த ஷெட்டில் ஒரு டம்ளரை வாயில் வைக்க அவளால் முடிந்திருக்காது. ஆனால் சாயங்காலம் அதே வண்டியில் அந்த நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனவளும் அவள்தான். நாற்பதுக்கு மேல் போகாமல் இடது ஓரமாகவே உருட்டினாள். பின்னால் வந்த லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போயின.

"இன்னாக்கா, மாட்டு வண்டியா ஓட்டுறீங்க. வூட்டுல உல வைக்கணும்" என்றாள் இலக்கியா.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். சொன்னால் நடுரோட்டில் இறங்கிவிடுவார்கள், ஓனர் அவளை வேலையை விட்டு இறக்கிவிடுவார். சொல்லவில்லை.

அவர்களை விட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்து, பின்பக்கம் சரியில்லை என்று சொன்னதும் ஓனர் ஒரு பேப்பரை நீட்டினார். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்த வீல் அலைன்மென்ட் ரசீது. "பாரு, எல்லாம் பாத்தாச்சு. கம்ப்யூட்டரே சொல்லுது. கம்ப்யூட்டரவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமா?"

"இது முன்சக்கரம் மட்டும் பாத்தது சார். கெட்டுப்போனது பின்னாடி."

"முன்னாடி போற எடத்துக்குத்தான பின்னாடியும் வரும்? பின்னாடி சக்கரம் தனியா எங்க போவும், உங்க ஊருக்கா?" பக்கத்தில் நின்ற புது டிரைவர் அறிவழகனைப் பார்த்துக் கண்ணடித்தார். அவன் சிரிக்கவேண்டும் என்பதற்காகச் சிரித்தான்.

பின்சக்கரம் எங்கே போகிறது என்பதைக் காட்டிவிடுவது என்று பவானி முடிவு செய்தாள்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு படி கோலமாவு வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். மார்கழி என்பதால் தெருவில் வீட்டுக்கு வீடு கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் கோலம் போடப் போகிறாள் என்றுதான் எதிர்வீட்டு அம்மாள் நினைத்தாள். பவானி ஷெட் வாசலில் பத்தடி நீளத்துக்கு இரண்டு பட்டையாக மாவைத் தூவி, துடைப்பத்தால் பரத்திவிட்டாள்.

"இன்னா கோலம்மா இது, புள்ளி இல்ல, கம்பி இல்ல?"

"சக்கரம் போடப்போவுதும்மா. பாருங்க."

முதலில் நல்ல வண்டி. சாம்பல் நிறத்து வண்டியை எடுத்து, ஸ்டியரிங்கை அசைக்காமல் மாவின் மேல் நேராக ஓட்டினாள். இறங்கிப் பார்த்தாள். இரண்டு தடம். முன்சக்கரம் பதித்த தடத்தின் மேலேயே பின்சக்கரம் ஏறிப் போயிருந்தது. மாவைத் திரும்பப் பரத்திவிட்டு வெள்ளை வண்டியை எடுத்தாள். அதே வேகம், அதே நேர்.

இந்தத் தடவை மாவில் நாலு தடம் இருந்தன. இரண்டு பக்கமும் பின்சக்கரத்தின் தடம் முன்சக்கரத்துடையதை விட்டு மூன்று விரல் இடப்பக்கம் விலகி, தனியாக ஓடியிருந்தது.

எதிர்வீட்டு அம்மாள் குனிந்து பார்த்தாள். "நாய் ஓடுறாப்புல கோணிக்கிட்டுப் போவுதேம்மா வண்டி" என்றாள். இயற்பியல் படிக்காதவளுக்கே புரிந்துவிட்டது.

ஓனர் வந்தார். "மார்கழி மாசத்துல வாசல்ல இன்னா வேல இது?"

பவானி கையை நீட்டிக் காட்டினாள். அவர் தடங்களைப் பார்த்தார். பவானி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் துளி ஆச்சரியம் இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நிமிர்த்திய பிறகும் வண்டி கோணித்தான் போகிறது என்பதும் அவருக்கு முன்பே தெரியும். எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நம்பிக்கொண்டு, விடியற்காலையில் மாவு தூவிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த தன் முட்டாள்தனம் அவளுக்கு உறைத்தது.

ஓனர் செருப்புக் காலால் நாலு தடத்தையும் அழித்தார். பொறுமையாக, ஒவ்வொன்றாக, கோலம் கலைப்பதுபோல. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சரிம்மா. உனக்கு அந்த வண்டி புடிக்கல. நீ சாம்பல எடுத்துக்க. திருப்பாப்புலியூர் ஸ்டேஷன்ல ஒரு பார்ட்டி எறங்குது, ஆருத்ராவுக்கு. போய் அழைச்சுகிட்டு வா. கம்பெனி டூட்டிய அறிவு பாத்துக்கட்டும்."

"அவன் வந்து பத்து நாள்தான் சார் ஆவுது. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"அதான் நல்லது. தெரியாதவனுக்கு பயம் இருக்காது. நேரா ஓட்டுவான்."

சாம்பல் வண்டியின் சாவி அவர் விரலில் தொங்கியது. பவானி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டு வாடகை, அம்மாவின் மாத்திரை, எல்லாம் ஒரு கணத்தில் வந்து போயின. சாவியை வாங்கிக்கொண்டாள்.

அறிவழகன் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய கையோடு இவளும் கிளம்பினாள். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும் முன்னால் வெள்ளை வண்டி தெரிந்தது. தினமும் உள்ளே உட்கார்ந்து ஓட்டியவள், இப்போதுதான் அது போகிற அழகை வெளியிலிருந்து பார்க்கிறாள். நேர் பின்னால் போகிறவளுக்கு வண்டியின் முதுகு மட்டும்தான் தெரியவேண்டும். இதில் வலப்பக்கத்துக் கதவுகளும் சேர்ந்து தெரிந்தன. மூக்கை நடுக்கட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டு, பின்பக்கத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு, ஒருக்களித்தபடி எண்பதில் ஓடிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. தூங்குகிறார்கள்.

பவானிக்கு நாக்கில் கசந்தது. ஓனரை நினைத்தபோதும் பாயை நினைத்தபோதும் வந்த அதே கசப்பு. நேற்று தெரிந்தே ஏற்றிக்கொண்டு போனாள். இன்று தெரிந்தே சாவியை வாங்கிக்கொண்டாள். அந்த மாவை அவர் காலால் அழித்தபோது அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அவர் பொங்கல் தின்றுகொண்டே செய்தார். இவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்கிறாள்.

வேகத்தைக் கூட்டினாள். புதுச்சத்திரத்துக்கு முன்னால் முந்திப் போய், கையை வெளியே நீட்டி, ஓரம்கட்டச் சொன்னாள். அறிவழகன் நிறுத்தினான்.

"இன்னாக்கா, எதுனா மறந்துட்டனா?"

"எல்லாரும் எறங்குங்க" என்றாள் பவானி. "என் வண்டில ஏறுங்க. இதுல போவாதீங்க. பின்னாடி ஆக்சில் வளைஞ்சு, காஸ் வச்சுக் காச்சி அடிச்சிருக்காங்க. எப்ப வேணும்னாலும் வுட்டுடும்."

தூக்கம் கலைந்து ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். காயத்ரி என்கிற பெண், நாலு பேரில் அதிகம் பேசாதவள், கேட்டாள். "நேத்து நீங்கதானக்கா ஓட்டுனீங்க. நேத்து உங்களுக்கு இது தெரியாதா?"

"காலையில தெரியாது. சாய்ந்திரம் தெரியும்."

"தெரிஞ்சும் ஏத்திக்கினீங்களா?"

"ஏத்திக்கினேன். தப்புதான். இப்ப எறங்குங்க."

காயத்ரி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அசிங்கத்தை மிதித்துவிட்டுக் காலைப் பார்க்கிறவளின் பார்வை. பவானி தலையைக் குனியவில்லை. இலக்கியாதான் முதலில் இறங்கினாள். "வாங்கடி. சண்டைய அந்த வண்டில போட்டுக்கலாம்."

அறிவழகன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். "அக்கா, ஓனரு என்னைத்தான கேப்பாரு. பாத்தா வண்டி நல்லாத்தான இருக்கு."

"கீழ படுத்துப் பாரு. இடது சக்கரத்துக்கு உள்பக்கம், கறுப்பு பெயிண்ட் புதுசா இருக்கும். சாவியால சுரண்டு."

அவன் போனில் லைட்டைப் போட்டுக்கொண்டு, ரோட்டோரப் புல்லில் மல்லாந்து உள்ளே நகர்ந்தான். சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அக்கா, வெல்டிங் பக்கத்துல ஒரு கோடு மாதிரி இருக்கு."

"கோடா, விரிசலா?"

மறுபடியும் சுரண்டினான். "நகம் உள்ள போவுதுக்கா."

வெளியே வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். பவானி அவனிடம் சொன்னாள். "வண்டிய இங்கயே பூட்டிட்டு பஸ்ல போயிடு. கேட்டா பவானி நிறுத்திட்டான்னு சொல்லு."

செம்மங்குப்பத்தில் கம்பெனி கேட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். இறங்கும்போது இலக்கியா மட்டும் ஜன்னலில் குனிந்தாள். "கம்பெனில நான் சொல்லிடறேன்க்கா. இனிமே எந்த வண்டி வந்தாலும், நீங்க பாத்து சரின்னாதான் ஏறுவோம்னு." காயத்ரி திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்குள் போய்விட்டாள்.

ஸ்டேஷன் பார்ட்டி முக்கால் மணி நேரம் காத்திருந்த கோபத்தில் சிதம்பரம் வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களை லாட்ஜில் இறக்கிவிட்டு மதியம் ஷெட்டுக்கு வந்தாள். ஓனர் ரோட்டைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறிவழகன் ஒரு மூலையில் நின்றான்.

"யார கேட்டு என் வண்டிய நடுரோட்டுல நிறுத்துன? படிச்சவள வேலைக்கு வச்சா இதான். கம்பெனிலருந்து போன் வருது, ஒழுங்கான வண்டி அனுப்புறீங்களா, வேற ஆள பாக்கட்டுமான்னு. எனக்கு அசிங்கமா இல்ல?"

"விரிசல் வுட்டிருக்கு சார். அறிவு பாத்தான்."

"அவன் இன்னாத்த பாத்தான்." போனை எடுத்து முத்தலிப்பைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். "பாய், வெள்ளை வண்டி புதுச்சத்திரத்துல நிக்குது. சாவி குடுத்து அனுப்புறேன். நீயே போய் ஓட்டிக்கிட்டு வா. இங்க ரெண்டு பேரு பயந்து சாவுறாங்க. நீ ஓட்டியாந்து காட்டு."

அந்தப் பக்கம் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"நான் ஓட்ட மாட்டேன் சார்."

"இன்னா பாய்?"

"டோ வண்டி வச்சுத்தான் தூக்கியாரணும். நான் அதுல ஏற மாட்டேன். எனக்கு பொண்ணு, புள்ள இருக்கு."

அறிவழகன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டான். ஒரு மனுஷன் இதற்குமேல் தலை நிமிர முடியாது, இப்போதாவது ஒரு வார்த்தை வரும் என்று பவானி ஓனரின் முகத்தையே பார்த்தாள்.

ஓனர் பல்லிடுக்கில் எதையோ குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, தரையில் தட்டினார்.

"சரி, டோ வண்டிக்கு நான் சொல்றேன், நீ போய் கூட நில்லு. சங்கிலி போடும்போது பம்பர்ல துணி சுத்தச் சொல்லு பாய். புதுப் பெயிண்ட்டு, கீறல் வுழுந்துடப்போவுது."

போனை வைத்துவிட்டார்.

பவானிக்கு அவர் முகத்தில் சாவியை எறியவேண்டும் போலிருந்தது. எறிந்தால் நாளைக் காலையில் அந்த நாலு பேருக்கு இவர் எதை அனுப்புவார் என்று அவளுக்குத் தெரியும். சாம்பல் வண்டியின் சாவியைத் தன் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நாளைக்கு ஏழு மணிக்கு நான்தான் போவேன். இந்த வண்டில" என்றாள்.

ஓனர் போனில் டோ வண்டிக்காரனின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.